1979: சஞ்சீவ ரெட்டி செய்தது சரியா?

பழைய_பேப்பர்:
ஒரே வருஷத்தில் 2 பிரதமர், 3 துணைப் பிரதமர் (சரண் சிங், ஜெகஜீவன் ராம், அப்புறம் சவான்). இத்தனை பேர் வந்து போனாலும் என் கோபமெல்லாம் நாற்காலியை விட்டு அசையாத குடியரசுத் தலைவர் ரெட்டி மேல்தான். ஜூலையில் மொரார்ஜி ராஜினாமா செய்ததும் சரண் சிங்குக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டும், ஆனால் ஆதரவு தருவதாகச் சொன்ன இந்திரா கைவிட்டதால் மனிதர் சபைக்கே போகாமல் ராஜினாமா. அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சித் தலைவராக இருந்த ஜெகஜீவன் ராம் உரிமை கோரியும் அவரைக் கூப்பிடாமல் 22ஆம் தேதி சபையைக் கலைத்துவிட்டார். அவர் தலித், இன்றுவரை ஒரு தலித் பிரதமர் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வைகைக்கரை:
அண்ணே, கோபம் சரி, கணக்கு எங்கே? ஜூலையில் மொரார்ஜியும் சரண் சிங்கும் ஆளுக்கொரு ஆதரவுப் பட்டியல் நீட்டினார்கள், சில எம்.பி.க்கள் பெயர் இரண்டிலும் இருந்தது! அந்தச் சபையில் மூன்றாவது பட்டியல் வாங்கி என்ன செய்வது? கலைக்கச் சொன்னது சரண் சிங் அமைச்சரவை. அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு அமைச்சரவை சொன்னால் குடியரசுத் தலைவர் கேட்டாக வேண்டும். பாபுஜி (ஜெகஜீவன் ராம்தான்) தியாகி மாதிரியும் பேச வேண்டாம், 1975இல் எமர்ஜென்சிக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவரே அவர்தான்.

பழைய_பேப்பர்:
தம்பி, பாதிச் சட்டம் பேசாதீர்கள். 44ஆவது திருத்தப்படி ஒரு தடவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அது அந்த ஜூன் மாதமே அமலுக்கு வந்துவிட்டது. ஒரு நாள்கூடச் சபையின் நம்பிக்கையைப் பெறாத அமைச்சரவை, சபையையே கலைக்கச் சொல்கிறது, அதை அப்படியே ஏற்பதா?

கரிசல்காடு:
நடுவில் நம்ம ஊர் சங்கதி ஒன்று. அதே சரண் சிங் அமைச்சரவையில்தான் சத்தியவாணி முத்து உட்பட அதிமுகவினர் இருவர் இருந்தார்கள், திராவிடக் கட்சி மத்திய ஆட்சியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் 1996தான் ஆரம்பம் என்று நினைக்கிறார்கள். சரி, நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
திருப்பி அனுப்பினால் மட்டும்? அதையே மறுபடி அனுப்புவார்கள், கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பாபுஜியை அழைத்து அவரும் தோற்றிருந்தால் மூன்றாவதாக ஒருவர், அப்புறம் நாலாவது. ஜனங்களிடம் போனதே மேல், 1980 ஜனவரியில் இந்திராவுக்கு 353 இடம் கொடுத்து முடித்துவைத்தார்கள்.

பழைய_பேப்பர்:
தோற்றால் சபைக்குள் தோற்றிருக்கட்டுமே. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக்கூடாது, சபையில்தான் எண்ண வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை (கர்நாடக முன்னாள் முதல்வர்) வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது மாநிலங்களுக்கு. ராஷ்டிரபதி பவனுக்கு மட்டும் வேறு நியாயமா?