பிரஷர் குளிசை இழுப்புக்கும் உதவுமா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பல வருடமாக இழுப்பு (ஆஸ்துமா). காலபோக அறுவடைக்கு வெட்டுமெசின் வயலில் இறங்கினால் போதும், அந்தத் தூசியில் இரவு முழுக்க நெஞ்சு விசிலடிக்கும். இப்போது பிரஷரும் வந்து, அம்லோடிபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அது தசைக்குள் கல்சியம் போகும் வழியை அடைக்கும் மருந்து. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்கவும் கல்சியம்தான் வேண்டும். அப்படியென்றால் இழுப்பும் குறையவேண்டுமே என்று தேடிப் படித்தேன். 1980களில் இதே வகை மருந்தான வெரபமிலை உள்ளிழுக்கக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓடி ஆடினால் வரும் இறுக்கத்தை ஓரளவு தடுத்ததாம். குழாயை விரிப்பதில், இழுப்புக்கு வழக்கமாக உள்ளிழுக்கும் சல்பியூட்டமோலுக்குக் கிட்டவும் வரவில்லை. அந்தத் தசை தனக்குள் சேமித்து வைத்திருக்கும் கல்சியத்தையும் எடுத்துக்கொள்கிறது, வெளிவாசலை மட்டும் அடைத்து என்ன பயன்? சரி, அதுவரை விளங்கியது.

என் கேள்வி வேறு. பக்கத்து வீட்டு மாமா தன் பிரஷர் குளிசையான அட்டெனோலோலை "இதுதான் திறம்" என்று அப்பாவிடம் நீட்டுகிறார். அது பீட்டா தடுப்பான் வகை மருந்து, அந்த வகை இழுப்பைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் வாங்கி ஒளித்து வைத்துவிட்டேன் (மாமாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்). ஆனால் அம்லோடிபின் தொடங்கிய பிறகு அப்பாவின் கணுக்கால் வீங்குகிறது. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை. அதுவரை பொறுக்கலாமா, முன்னரே கூட்டிப் போகவேண்டுமா? தாதியர், மருந்தாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் இழுப்பும் பிரஷரும் சேர்ந்து உள்ளவர்கள் டொக்டரிடம் என்ன கேட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.