எரிக்கை அனுப்பிவிட்டு சாமா? சூக்கி தொடரின் 13ஆம் புத்தகம்

கோரைப்பல் | 2013 மே 12

முழுக்கதையும் பேசப் போறேன். சார்லைன் ஹாரிஸ் எழுதின காட்டேரித் தொடரோட கடைசிப் புத்தகமான 'டெட் எவர் ஆஃப்டர்' இன்னும் படிக்காதவங்க இங்கேயே திரும்பிடுங்க.

நேத்து ராத்திரி முடிச்சேன். புத்தகத்தைக் கவுத்து வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 2001ல ஆரம்பிச்ச தொடர், 13 புத்தகம். மதுக்கடையில பரிமாறற சூக்கி, கடைசியில காட்டேரி எரிக்கை விட்டுட்டு கடை முதலாளி சாமோட சேர்றா. நான் உள்ளே வந்தது 2004ல, நாலாவது புத்தகத்துல. சூனியக்காரி போட்ட மந்திரத்துல எரிக் தான் யாருன்னே மறந்துபோய் சூக்கி வீட்டுல ஒளிஞ்சிருப்பானே, அது. ஆயிரம் வயசுக்கு மேல ஆன வைக்கிங் காட்டேரி, குழந்தை மாதிரி பயந்துபோய் நிக்கறான். அந்த ஒரு புத்தகத்துக்காக அப்புறம் வந்த ஒன்பதையும் வாங்கினேன்.

அவனைக் கடைசியில என்ன பண்ணியிருக்காங்க? ஓக்லஹோமா ராணிக்குத் தாரை வார்த்துட்டாங்க. அதுவும் அவனை உருவாக்கின ஆப்பியஸ் பேசி வெச்ச சம்பந்தமாம். அந்த ஆப்பியஸ் பத்தாவது புத்தகத்துலயே போய்ச் சேர்ந்துட்டான். செத்தவன் போட்ட ஒப்பந்தம் பதினொண்ணுல தலையை நீட்டுது, பதிமூணுல ஆளையே தூக்கிட்டுப் போகுது. எரிக்கை எப்படி வெளியேத்தறதுன்னு தெரியாம ஒரு காகிதத்தைக் காட்டி வாசலை அடைச்ச மாதிரிதான் எனக்குப் பட்டுது.

சாம் மேல எனக்குக் கோபமே இல்ல. நல்லவன். அதான் பிரச்சினையே.

பகல்வெயில் | மே 12

உங்கள் வருத்தம் புரிகிறது தோழி. ஆனால் இந்த முடிவு வானத்திலிருந்து குதிக்கவில்லை. சூக்கிக்குப் பிடித்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் எரிக் என்றும் சொல்ல மாட்டேன், சாம் என்றும் சொல்ல மாட்டேன். வெயில்! தொடர் நெடுக அவளுக்கு இருக்கும் ஒரே சொகுசு, லீவு நாளில் வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டு வெயில் காய்வது. அவள் உடம்பிலிருந்து வெயில் வாசனை வருகிறது என்றுதான் காட்டேரிகளே கிறங்குகிறார்கள். தங்களால் தொட முடியாததை அவளிடம் முகர்ந்து பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்டவளை ஒரு காட்டேரியோடு சேர்த்து வைத்தால் இரண்டே வழிதான். ஒன்று, அவள் மாற வேண்டும். இல்லையென்றால் அவள் கிழவியாகி, அவன் அப்படியே இருக்க வேண்டும். மாற மாட்டேன் என்று அவள் எத்தனை முறை சொல்லிவிட்டாள்! 2008இல் முடிந்த இன்னொரு பிரபலத் தொடர் நாயகியையே காட்டேரி ஆக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. ஹாரிஸ் அந்தச் சுலபமான கதவைத் திறக்கவில்லை.

துப்பறியும்பூனை | மே 13

எல்லாரும் காதலனைப் பத்தியே பேசறீங்க. கொலையைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறங்கப்பா.

இந்தத் தொடரோட முதல் புத்தகம் வாங்கின ஆந்தனி விருது, மர்ம நாவலுக்குக் கொடுக்கறது. அதுல கொலைகாரன் யாரு? சூக்கியோட கூட வேலை பார்க்கற அர்லீனோட முன்னாள் புருஷன் ரெனே. இப்போ கடைசிப் புத்தகத்துல பிணமா கிடக்கறது அதே அர்லீன். பழி சூக்கி மேல. முதல் புத்தகத்துல குழந்தைகளைப் பார்த்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போற சிநேகிதி, ஒன்பதாவதுல அதே சூக்கியைக் கொல்லக் கொடுக்கற வலையில பங்கு, பதிமூணுல மறுபடி வந்து வேலை கேட்கறா. அவ வந்து நிக்கற அந்தக் காட்சி போதும் எனக்கு. எரிக்கும் வேணாம் சாமும் வேணாம்.

குறைன்னா ஒண்ணு சொல்றேன். பன்னிரண்டு புத்தகமா சூக்கி வாயாலயே கேட்ட கதை. இதுல மட்டும் நடுநடுவுல வேற ஆட்கள் எங்கேயோ சதி பண்றதை வெளியிலிருந்து காட்டறாங்க. யார் யார் வர்றாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது, சூக்கி பின்னாடி மூச்சு வாங்க ஓடி வர்றா. மர்மக் கதையில இது கை தவறி முடிச்சை அவிழ்க்கற வேலை.

கோரைப்பல் | மே 13

பூனை சொன்னதை ஒத்துக்கறேன், அர்லீன் பகுதி பிரமாதம்.

பகல்வெயில், வெயில் கதை அழகா இருக்கு. ஆனா சூக்கி ஏன் காட்டேரிங்க பக்கம் போனாங்கறதை மறந்துட்டீங்க. அவளுக்கு எல்லார் மனசும் கேட்கும். மதுக்கடையில தட்டு ஏந்திட்டுப் போறப்ப ஒவ்வொரு மேஜையிலயும் இருக்கற அசிங்கம் பூரா காதுல விழும். அவளால ஒரு மனுஷனோட நிம்மதியாப் பழக முடியல. பில்ங்கற காட்டேரி உள்ளே வந்து உக்காந்தப்ப முதல்முறையா அமைதி. ஒண்ணும் கேட்கல! காட்டேரி மனசு அவளுக்குக் கேட்காது. தொடரே அந்த அமைதியிலதான் பொறந்துது.

இப்போ சாம் உருமாறி, மிருகமா மாறக்கூடியவன். அந்த வகை ஆளுங்க மனசு தெளிவாக் கேட்காது, மங்கலா, முடிச்சு முடிச்சாக் கேட்கும். ஆனா கேட்கும். அவன் பக்கத்துல படுத்துத் தூங்கறப்ப அவளுக்கு என்ன கேட்கும்? அவன் எரிச்சல்ல இருக்கற அன்னிக்கு என்ன ஆகும்? முதல் புத்தகத்துல கேட்ட பெரிய கேள்வி இது. கடைசிப் புத்தகம் அதைத் தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சு. இதுக்குப் பதில் சொல்லுங்க, வெயிலை அப்புறம் பார்க்கலாம்.

பகல்வெயில் | மே 13

இதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஒற்றைச்சன்னல் | மே 14

நான் இந்தக் கதையை வைத்து எடுத்த 'ட்ரூ பிளட்' டிவி தொடரை மட்டும் பார்ப்பவன். அடுத்த மாதம் ஆறாவது சீசன். அங்கேயும் சாம்தானா? யாராவது சொல்லிவிட்டால் நிம்மதி.

துப்பறியும்பூனை | மே 14

அதை வெச்சு எதையும் கணக்குப் போடாதீங்க தம்பி. கடைச் சமையல்காரன் லஃபாயெட் ரெண்டாவது புத்தகத்தோட முதல் சில பக்கத்துலயே பிணம். டிவியில இன்னும் ஜம்முனு இருக்கான். ரெண்டும் வேற வேற ஊருன்னு நினைச்சுக்குங்க, ஊர் பேரு மட்டும் ஒண்ணு.

பழுப்புத்தாள் | மே 14

சற்றுத் தள்ளி நின்று ஒன்று சொல்கிறேன். வெயிலில் காட்டேரி எரிந்து போகும் என்பதையே ஆதியிலிருந்து வந்த சட்டம் போலப் பேசுகிறோம். 1897இல் வந்த டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவார். பகலில் அவருக்குச் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளி பட்டதும் காட்டேரி அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப்படத்திலிருந்து நிலைத்தது. சினிமா கொடுத்த விதி அது.

ஹாரிஸ் அந்த விதியை எடுத்துக்கொண்டு வேறொன்று செய்தார். ஜப்பானில் செயற்கை ரத்தம் தயாராகிறது, காட்டேரிகள் வெளியே வந்து எங்களுக்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள், ஷ்ரீவ்போர்ட் நகரில் மதுக்கூடம் நடத்துகிறார்கள். எல்லாம் கிடைக்கிறது, பகல் மட்டும் கிடைக்கவில்லை. பகல்வெயில் சொல்வது ஆசிரியர் மனத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் விதையைப் போடுவது வேறு, தண்ணீர் ஊற்றுவது வேறு. ஏழெட்டுப் புத்தகங்களாகத் தண்ணீர் முழுவதும் எரிக் பக்கமே போயிற்று. சாம் கடையைத் திறந்தான், கடையை மூடினான்.

பகல்வெயில் | மே 15

இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டாம் புத்தகத்தின் கடைசிக் காட்சியை மீண்டும் படித்தேன்.

சூக்கியிடம் ஒரே ஒரு வரம் இருக்கிறது. க்ளூவியல் டோர், தேவதைகளின் பொருள், ஒரு முறைதான் வேலை செய்யும். அதை வைத்து இந்தக் கல்யாண ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிப்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். சாமின் காதலி ஜானலின் அவனைக் கொன்றுவிடுகிறாள். அந்தக் கணத்தில் சூக்கி வரத்தை சாமின் உயிருக்குச் செலவழிக்கிறாள். எரிக் அங்கேயே முகம் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். எனக்கு முடிவு பதிமூன்றில் எழுதப்படவில்லை, இங்கேதான் எழுதப்பட்டது. யோசிக்க நேரமில்லாத இடத்தில் அவள் கை யார் பக்கம் போயிற்று என்று பாருங்கள்.

அமைதி பற்றிக் கேட்டீர்கள். பதிமூன்று புத்தகங்களில் அவள் மனத்துக்குக் கதவு போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதல் புத்தகத்துப் பெண்ணுக்கு அமைதி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. இப்போது வேண்டியதில்லை. இதை ஆசிரியர் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை.

கோரைப்பல் | மே 15

ஒரு பக்கம் இல்ல, ஒரு அத்தியாயம்.

வரம் விஷயத்துல நீங்க போடறது கள்ளத் தராசு. ஒரு தட்டுல உயிர், இன்னொரு தட்டுல கல்யாண ஒப்பந்தம். கண்ணு முன்னாடி சிநேகிதன் செத்துக் கிடந்தா யாரா இருந்தாலும் அவனைத்தான் காப்பாத்துவாங்க. நானும் அதைத்தான் பண்ணுவேன். அதை வெச்சு 'பார்த்தீங்களா, காதல்'னு சொன்னா எப்படி? இதே எரிக் செத்துக் கிடந்து, ஒப்பந்தம் சாமோடதா இருந்தா வரம் எங்கே போயிருக்கும்?

பகல்வெயில் | மே 15

எரிக்குக்கும் போயிருக்கும். சரி. ஆனால் அப்போது சாம் கோபித்துக்கொண்டு போயிருப்பானா?

துப்பறியும்பூனை | மே 15

அடி சரியா விழுந்துது.

கோரைப்பல் | மே 16

விழுந்துது, இல்லேன்னு சொல்லல. அதுலதான் எனக்கு ஆத்திரமே. அந்தக் கோபம் எரிக்கோடது மாதிரியே இல்ல. ஆயிரம் வருஷம் அரசியல் பண்ணினவன், ஒரு நிமிஷம் பொறுத்து 'இப்போ வேற என்ன வழி'ன்னு யோசிக்க மாட்டானா? ஒன்பதாவது புத்தகத்துல சூக்கிக்கே தெரியாம அவ கையால ஒரு கத்தியை வாங்கி, காட்டேரி வழக்கப்படி கல்யாணம் முடிஞ்சதா ஆக்கினானே, அந்த மூளை எங்கே போச்சு?

பகல்வெயில் | மே 16

நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சம்மதம் கேட்காமல் கல்யாணம்! இதைச் சாமர்த்தியம் என்று சொல்வீர்களா?

கோரைப்பல் | மே 16

விக்டர்ங்கற எதிரிக் காட்டேரி அவளைத் தூக்கிட்டுப் போகாம இருக்கப் பண்ணினது. அது தப்புன்னு சூக்கியும் சண்டை போட்டா, நானும் படிக்கறப்ப திட்டினேன். அதையும் தாண்டித்தான் கூட இருந்தா. பதினொண்ணுல சூனியக்கார சிநேகிதி அமீலியாவை வெச்சு ரத்தப் பிணைப்பை அறுத்துட்டா, ஞாபகம் இருக்கா? 'இந்தக் காதல் என்னோடதா, இல்ல உடம்புல ஓடற அவன் ரத்தம் பேசுதா'ன்னு பல புத்தகமா அவளை அரிச்ச கேள்வி. அறுத்தா. அப்புறமும் பிடிச்சுதான் இருந்துது. அப்போ அது நிஜம்னு ஆசிரியரே நிரூபிச்சுட்டு, அடுத்த ரெண்டு புத்தகத்துல அதைக் கலைக்கறாங்க. எந்தக் கதையா இருந்தாலும் இப்படி நிரூபிச்சதைக் கலைக்கணும்னா வலுவான காரணம் வேணும். எனக்குக் கிடைச்சது ஒரு ராணியும் ஒரு காகிதமும்.

பழுப்புத்தாள் | மே 16

இது வலுவான வாதம். நிஜமான காதலும் முடியலாம் என்பது இன்னும் வலுவான கதை. அதை எழுத இந்தப் புத்தகத்தில் காட்டேரிகளுக்கு இடம் இல்லை. பாதிக்கு மேல் அவர்கள் கண்ணிலேயே படவில்லை. சாமும் முதல் பாதியில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரிவும் ஓரத்தில் நடக்கிறது, சேர்க்கையும் ஓரத்தில் நடக்கிறது. நடுவில் பழைய எதிரிகள் வரிசையாக வந்து வணக்கம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒற்றைச்சன்னல் | மே 17

ஜெர்மனியில் ஒரு பிரதி முன்கூட்டியே யார் கையிலோ கிடைத்து முடிவு வெளியாகிவிட்டதாமே. அதிலிருந்தே ஆசிரியரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். படிக்காமலே ஒரு நட்சத்திரம் போட்டவர்களும் உண்டு போல.

கோரைப்பல் | மே 17

அந்தக் கூட்டத்துல என்னைச் சேர்க்காதீங்க. நான் காசு கொடுத்து வாங்கி, கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டுத் திட்டறேன். கதையைத் திட்டறேன், எழுதினவங்களை இல்ல. மிரட்டல் வரைக்கும் போனவங்களுக்குப் படிக்கற தகுதியே கிடையாது.

பகல்வெயில் | மே 17

இதில் உங்களோடு நூறு சதவீதம்.

துப்பறியும்பூனை | மே 17

ஒத்துப்போயிட்டீங்களே. நான் அர்லீனை மறுபடி படிக்கப் போறேன்.

பழுப்புத்தாள் | 2013 நவம்பர் 3

திரியை எழுப்புவதற்கு மன்னிக்கவும். 'ஆஃப்டர் டெட்' வந்துவிட்டது, படித்தேன். கதை இல்லை. தொடரில் வந்தவர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, பிறகு யார் என்ன ஆனார்கள் என்று சில வரிகள். சிலருக்கு ஒரே வரி. மே மாதம் நாம் கேட்ட எதற்கும் இதில் விளக்கம் இல்லை, தகவல்தான் இருக்கிறது.

பகல்வெயில் | நவம்பர் 3

நான் வாங்கப் போவதில்லை. வாசலில் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே சூக்கி இருக்கட்டும்.

கோரைப்பல் | நவம்பர் 4

வாங்கிட்டேன். சாம் பேரைத் தேடிப் படிச்சேன், சூக்கி பேரைப் படிச்சேன், செத்துப்போன அர்லீனைக்கூடத் தேடினேன். எரிக் இருக்கற பக்கத்துல ஒரு அட்டையைச் சொருகி மூடி வெச்சிருக்கேன். நாலாவது புத்தகத்தை மறுபடி ஆரம்பிச்சிருக்கேன், இப்போதான் அவன் இருட்டுல ரோட்டுல செருப்பில்லாம ஓடிட்டிருக்கான்.