மறுமொழி: 'ரேஞ்ச்லேண்ட்' – மேய்ச்சல் நிலம் போதுமா?

அன்பு நண்பர்களே,
ஆஸ்திரேலிய நிலப்படம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. 'ரேஞ்ச்லேண்ட்' (புல்லும் புதரும் தானாக வளரும் பரந்த நிலம்) வரும் இடமெல்லாம் 'மேய்ச்சல் நிலம்' என்று போட்டுவிட்டேன். அப்புறம் பார்த்தால் நாட்டில் சுமார் 80 விழுக்காடு அதற்குள் அடங்குகிறது. சிம்ப்சன் பாலைவனமும் உள்ளே. அதன் பெரும்பகுதியில் மாடே கிடையாது. 'வறண்ட' என்று சேர்த்தால், பருவமழை பெய்யும் வடக்குச் சவானாப் புல்வெளி இடிக்கிறது. படத்தில் இந்நிலத்தின் 'எல்லை'க்கு 'வரம்பு' சரியா?

> 'ரேஞ்ச்லேண்ட்'

முல்லை இருக்கப் புதுச்சொல் எதற்கு? 'மாயோன் மேய காடுறை உலகம்' என்று தொல்காப்பியத்திலேயே மேய்ச்சல் இருக்கிறது. வெயில் கொளுத்தினால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகத் திரியும் என்கிறது சிலம்பு. ஆஸ்திரேலியாவுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா?

> மேய்ச்சல் இருக்கிறது

ஐயா, அந்த 'மேய' மேவிய, அதாவது விரும்பி உறைந்த, என்ற பொருளில் வருவது. அடுத்த அடி 'சேயோன் மேய மைவரை உலகம்'. முருகன் மலையில் புல்லா மேய்ந்தான்? படத்தில் 'முல்லை' என்று போட்டால் பிள்ளைகள் பூவைத்தான் தேடுவார்கள். முல்லை நிலத்துக்கு 'புறவு' என்றும் பெயர் உண்டே, அது எப்படி?

புறவு என்றால் புறாவும்தான்.

சொல்லை விடுங்கள், எல்லை எப்படி வந்தது என்று பாருங்கள். 1865-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவர் கோய்டர் குதிரையில் போய், செடியைப் பார்த்துக் கோடு கிழித்தார். மாலிப் புதர் நின்ற தெற்கே உழலாம். சால்ட்புஷ் படர்ந்த வடக்கே மேய்க்கத்தான் ஆகும். 1870-களில் நல்ல மழை. உழவர்கள் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880-களின் வறட்சி அவர்களைத் துரத்தியது. கூரை போன கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. உழவு நிற்கும் இடத்தில் தொடங்குவது, ஆகவே 'உழாநிலம்'. 'வரம்பு' வேண்டாம். உழாத நிலத்துக்கு ஏது வரப்பு?

மழைக்காட்டையும்தான் யாரும் உழுவதில்லை. அதையும் சேர்ப்பீர்களா? 'மேய்ச்சல்வெளி' என்று வையுங்கள். 'வெளி'யில் பாலைவனமும் அடங்கும், படிப்பவருக்கும் புரியும்.

எனக்கும் அதுவே சம்மதம். மூன்று நாளாக இதே மடலைப் படிக்கிறேன்.

சரி, 'மேய்ச்சல்வெளி எல்லை' என்றே அனுப்பிவிடுகிறேன். அடியில் 'மாடு மேயாத இடங்களும் சேரும்' என்று ஒரு குறிப்பு. அனைவருக்கும் நன்றி.

> 'மாடு மேயாத இடங்களும் சேரும்'

இப்படிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தால் அது கலைச்சொல்லா? என் படியில் முல்லைதான்.