ஜப்பானியக் குடும்பப் பெயரும் கான்ஜி எழுத்தும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நிஷிகசாய்வாசி:

ஜப்பானியர் பெயர் எழுதும் கான்ஜி சீனாவிலிருந்து வந்த எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு, ஒரே ஒலிக்குப் பல எழுத்தும் இருக்கும். எங்கள் டோக்கியோ அலுவலகத்தில் ஒரே தளத்தில் இரண்டு இட்டோ-சான்கள் ('சான்' மரியாதைச் சொல்). காதில் விழும்போது துளி வித்தியாசம் கிடையாது. கார்டை வாங்கிப் பார்த்தால்தான் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தெரியும். ஒருவர் பெயரில் இரண்டாவது எழுத்து ஃபுஜி. ஏப்ரல் கடைசியில் பந்தல்களில் ஊதாச் சரமாகத் தொங்குமே, அந்தக் கொடிப்பூ. மற்றவர் பெயரில் அந்த இடத்தில் 'கிழக்கு'. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் "எந்த எழுத்து?" என்று கேட்பார்கள். "ஃபுஜிப் பூ இட்டோ" என்பார் முதலாமவர். "கிழக்கு மேற்கு என்கிறோமே, அந்தக் கிழக்கு" என்பார் அடுத்தவர். ஆளாளுக்கு இப்படி ஒரு வரி கைவசம் வைத்திருக்கிறார்கள்.

பூ இட்டோவுக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. பழைய கியோட்டோ அரசவையை ஆட்டிப்படைத்த ஃபுஜிவாரா குலத்தின் எழுத்து அது. அதற்கு 'டோ' என்றும் ஓர் உச்சரிப்பு இருக்கிறது. இசே என்ற பழைய மாகாணத்தின் பெயரோடு அதைச் சேர்த்தால் இட்டோ, காகா மாகாணத்தோடு சேர்த்தால் காட்டோ. ஜப்பானில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் சாட்டோவிலும் இதே பூதான். அதற்காகப் பூ இருப்பவர் எல்லாம் ஃபுஜிவாரா வாரிசு என்று எண்ணிவிடக் கூடாது. 1885இல் நாட்டின் முதல் பிரதமரான இட்டோ ஹிரோபுமி பிறந்தது ஹயாஷி குடும்பத்தில். ஹயாஷி என்றால் தோப்பு. தத்து வழியில்தான் அவருக்குப் பூ வந்தது. 1875இல் சாதாரணக் குடிமக்களும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டபோது, பெரிய இடத்துப் பெயரை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

ஒரகடம்_மொழிபெயர்ப்பாளர்:

நான் ஜப்பானிய நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். விருந்தினர் வந்தால் மேசைப் பெயர் அட்டை என் பொறுப்பு. எனக்குக் கலக்கம் தருவது சைட்டோ. முக்கியமாக நாலு விதமாக எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் சிறிய எழுத்தில் பார்த்தால் நாலும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒரு 'சை' என்றால் 'சமமாக, வரிசையாக'. இன்னொரு 'சை' என்றால் வழிபாட்டுக்காக உடலையும் மனதையும் சுத்தமாக வைத்திருப்பது. நம் பக்கம் விரதம் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இசே கோயிலில் பணி செய்த இளவரசியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட ஃபுஜிவாராக்காரரிடமிருந்து வந்த பெயர் என்பதால் இரண்டாவதுதான் மூலத்துக்குப் பொருந்தும். மற்ற இரண்டும் இவற்றின் பழைய வடிவங்கள், கோடுகள் கூடுதல்.

ஒருமுறை பழைய வடிவத்தைத் தேடிப்பிடித்து அட்டை அடித்து வைத்தேன். வந்த பெரியவர் உட்காருவதற்கு முன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அப்புறம் கைபேசியை எடுத்து ஒரு படம். விருந்து முடிந்ததும் அட்டையைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

தாகாஹாஷியிலும் இப்படி ஒரு சிக்கல். 'உயரம்', 'பாலம்' என்று இரண்டு எழுத்து. உயரத்தின் நடுவே இருக்கும் சின்னப் பெட்டியைச் சில குடும்பங்கள் ஏணிபோல இழுத்து எழுதும். 'ஏணித் தாகா' என்றே அதற்குப் பேர். பொருள் அதேதான், ஆனாலும் பெட்டி போட்டு அச்சடித்தால் அவர்களுக்கு அது தங்கள் பெயர் இல்லை.

கராத்தே_செல்வம்:

ஷோட்டோகான் பாணிக் கராத்தேப் பள்ளிகளில், அந்தப் பாணியைத் தொடங்கிய ஃபுனாகோஷி கிச்சின் ஐயாவின் படம் மாட்டியிருக்கும். அவர் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. தெற்குத் தீவான ஓகினாவாக்காரர். முதலில் எழுதியது 'செல்வம்', 'பெயர்', 'இடுப்பு' என்று மூன்று எழுத்து. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஃபுனாகோஷிக்கு ஜப்பானில் வழக்கமான எழுத்து 'கப்பல்', 'கடந்து செல்வது' என்ற இரண்டுதான். 17ஆம் நூற்றாண்டில் தென் ஜப்பானின் சாட்சுமா ஆட்சியாளர்கள் ஓகினாவாவைப் பிடித்த பிறகு, அங்குள்ளவர்கள் ஜப்பானியர் மாதிரிப் பெயர் எழுதக் கூடாது என்று தடுத்தார்கள். அதனால் ஒலியை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் திருகிவிட்டார்கள் என்கிறார்கள். ஐயா பிற்காலத்தில் கப்பலுக்கு மாறினார்.

கராத்தேயும் அப்படித்தான். முன்பு 'சீனக் கை' என்று எழுதியது 1930களில் 'வெறுங்கை' ஆகிவிட்டது. உச்சரிப்பு மாறவே இல்லை. இதை மாஸ்டர் சொன்னபோது வகுப்பில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை, சாக்பீஸால் இரண்டையும் எழுதிக் காட்டினார்.

வயல்காட்டான்:

எல்லாப் பெயருக்கும் எழுத்தை வைத்துப் பொருள் சொல்லிவிடாதீர்கள். நம்ம ஊர் ரோட்டில் ஓடும் சுசுகி 'ஒலிக்கும் மணி' பிளஸ் 'மரம்'. ஆனால் அந்தப் பெயர் வாகாயாமா பக்கத்தில் அறுத்த நெற்கதிரைக் குவித்து வைப்பதற்கான சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பரவலான விளக்கம். மணியும் மரமும் ஒலிக்காகப் பிடித்துப் போட்டவை.

குமார்_சைதாமா:

எனக்கு வேறு பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதா, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர். ஆபீசில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நாள் யாரோ அவரைத் தேடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இங்கே கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்துவார்கள். அதைச் செய்துகொள்ள 'குமார்' என்பதற்குக் கான்ஜி கேட்டேன். பக்கத்துச் சீட்டு அம்மா ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். 'கு'வுக்கு முதலில் எழுதிக் காட்டிய எழுத்து 'துன்பம்', உடனே அடித்தார். 'மா'வில் 'பேய்' வந்தது, அதற்கும் கோடு. இரண்டையும் சேர்த்தால் 'குமா', கரடி! அதைப் பார்த்துச் சிரித்தார், பிறகு அதுவும் போயிற்று. கடைசியில் நின்றது 'நெடுங்காலம்', 'உண்மை', 'தங்கு'. பார்சல் வாங்க அந்த முத்திரைதான். வார்டு அலுவலகத்தில் பதிவு செய்ய ஆகாது, அங்கே ஏட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரகடம்_மொழிபெயர்ப்பாளர்:

@குமார் தம்பி, குடியுரிமை வாங்கினால் கான்ஜியில் பெயர் வைத்துக்கொள்ளலாம். பின்லாந்தில் பிறந்து ஜப்பான் நாடாளுமன்றம் வரை போன சுருனென் தன் குடும்பப் பெயரை 'வில்லின் நாண்', 'நினைவு' என்று எழுதினார். ஜப்பானிய இலக்கிய அறிஞர் டொனால்டு கீன் 2012இல் குடியுரிமை பெற்றபோது வேடிக்கைக்கு ஒன்று எழுதிக் காட்டினார். அதில் 'கீன்' என்பது 'அரக்கன்', 'கோபம்'. கினு ஆற்றின் பெயரில் உள்ள எழுத்துகள் அவை. நீங்கள் கரடியை விட்டிருக்க வேண்டாம்!

நிஷிகசாய்வாசி:

கரடிக்கே என் ஓட்டும். இன்னொன்று, எழுத்து தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாத பெயர்கள் இருக்கின்றன. 'நான்காம் மாதம் முதல் நாள்' என்று நாலு எழுத்து எழுதி 'வதானுகி' என்று வாசிப்பார்கள். பழைய நாட்காட்டிப்படி அன்றுதான் குளிர்கால உடையிலிருந்து பஞ்சை உருவுவார்களாம். வதா பஞ்சு, நுகி உருவுவது. இதையெல்லாம் எப்படித்தான் பதிவு செய்தார்களோ என்று பார்த்தால், கோசெகி குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பையும் சேர்க்கத் தொடங்கியதே 2025 மே 26இல்தான். அதுவரை எழுத்து மட்டும்தான். வதானுகி யாரையாவது நேரில் பார்த்தவர் இருந்தால், தொலைபேசியில் எப்படிப் பெயர் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.