1994 எம்.எம். 540 ஜீப்: இன்ஜினை மாற்றுவதா, இருப்பதையே சீர்செய்வதா?

ஏலத்தோட்டம் (போடிநாயக்கனூர்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1994இல் வாங்கிய மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு இருந்த ஏலத்தோட்டத்துக்கு ஆட்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிச் சென்ற வண்டி இது. தோட்டத்தை விற்ற பிறகும் ஜீப்பை விற்க அவருக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் இல்லை. வார இறுதி நாள்களில் நானே இதைப் பிரித்துச் சீர்செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. ஒதுக்கி வைத்திருக்கும் தொகை இரண்டரை லட்சம் ரூபாய்.

இன்ஜின் கடைசியாக ஓடியபோது ஏற்றத்தில் கொதித்தது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் ஆடும். பின்பக்கத் தளத் தகரம் துருப்பிடித்துக் கையை விடும் அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. ஆர்.சி. (பதிவுச் சான்று) 2019இல் காலாவதியாகி, புதுப்பிக்கப்படவில்லை. வந்து பார்த்த பட்டறைக்காரர், பியூஜோ இன்ஜினை இறக்கிவிட்டு டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின் ஏற்றுவோம், நீள ஷேக்கில் (ஸ்பிரிங் பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கி) போட்டு உயர்த்தி 31 அங்குல டயர் மாட்டுவோம் என்கிறார். அவர் சொல்வது ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் எதில் தொடங்குவது, எதை விட்டுவிடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

லேத்துப் பட்டறை (கோயம்புத்தூர்):

இன்ஜினைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றை மற்றவர்கள் சொல்லட்டும். உங்கள் ஜீப்பில் இருப்பது பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90. சிலிண்டர் போர் (உள்விட்டம்) 90 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83 மி.மீ., மொத்தம் 2112 சி.சி. பட்டறைக்காரர் சொல்லும் டி.ஐ. இன்ஜினில் போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., மொத்தம் 2523 சி.சி. ஸ்ட்ரோக் நீளமாக இருப்பதால் டி.ஐ. குறைந்த சுழற்சியிலேயே பளுவை இழுக்கும்; நேரடியாகப் பீய்ச்சுவதால் டீசலும் குறைவாகக் குடிக்கும். மலைப்பாதையில் மூட்டை ஏற்றிப் பிழைப்பவர்கள் அதை விரும்பியதில் நியாயம் உண்டு. அதற்கு விலையாக, ஐடிலிங்கில் நிற்கும்போதே கண்ணாடி முதல் கதவுக் கொக்கி வரை எல்லாம் கடகடவென்று ஆடும். பியூஜோ அப்படியன்று. அதன் ஓட்டம் மென்மையானது; சற்றுக் கூடுதலாகச் சுற்றவிட்டு ஓட்டினால் குறை சொல்லாது. நீங்கள் இனி உர மூட்டை ஏற்றப்போவதில்லை என்றால், பியூஜோவை இறக்க ஒரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏற்றத்தில் கொதித்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்த இன்ஜினின் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் நெளியும். நெளிந்த ஹெட்டை அப்படியே வைத்துப் புதிய கேஸ்கட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டால் அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் கொதிக்கும். இதில் அலுத்துப்போய்த்தான் பலர் நல்ல இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எனவே ஹெட்டைக் கழற்றியதும் லேத்துக்குக் கொண்டுபோய், நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் லைனர்கள் (உள்ளுறைகள்) பிளாக்கின் மேல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும் நான்கிலும் அளக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கேஸ்கட் எங்காவது ஒரு மூலையில் ஊதிவிடும். ரேடியேட்டரைப் பிரித்து உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும், விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேலையில் சேரும். எத்தனையோ ஜீப்புகளில் அந்தக் கூட்டைக் கழற்றி மூலையில் எறிந்திருப்பார்கள், வண்டி ஏன் கொதிக்கிறது என்றும் கேட்பார்கள்.

ஒன்பது ஆண்டு நின்ற இன்ஜினைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பிஸ்டன் ரிங் லைனரில் துருவோடு ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் கழித்துக் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். முழுச் சுற்றும் தடையின்றி வந்த பிறகுதான் பேட்டரியைப் பற்றி நினைக்க வேண்டும். பழைய டேங்கை நம்பாமல், ஐந்து லிட்டர் கேனில் புதிய டீசல் ஊற்றி மேலே தொங்கவிட்டு, ஃபில்டருக்கு நேராகக் குழாய் கொடுத்து, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். டீசல் பம்பின் ராடு இறுகி நின்று இன்ஜின் தறிகெட்டுச் சுற்றினால், சாவியைத் திருப்பிப் பயனில்லை, காற்றுப் போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முயல வேண்டாம்.

ஆர்.சி. முதலில் (மதுரை):

தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் அதற்காக வண்டியை ஆய்வாளரிடம் காட்டியாக வேண்டும். ஆர்.சி.யில் இல்லாத இன்ஜினோடு போய் நின்றால் என்ன ஆகும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை பட்டறைக்காரருக்கு அல்ல, உங்களுக்கு. இன்ஜினை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். முன்னால் கனத்த இரும்புக் கம்பி பம்பர் போடும் ஆசை இருந்தால் அதையும் கைவிடுங்கள்; 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது.

சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணின் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். துரு சுரண்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

கொண்டை ஊசி (கோத்தகிரி):

தம்பி, ஸ்டீயரிங் ஆடுகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது. இன்ஜின் நின்றுபோனால் வண்டி ஓரத்தில் நிற்கும். இது விட்டால் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

முன் ஆக்சிலின் இரு முனையிலும் இருக்கும் உருண்டையான நக்கிளுக்குள், மேலும் கீழும் கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பவை மெல்லிய ஷிம் தகடுகள். பேரிங் தேய்ந்து இறுக்கம் போனால் நீங்கள் சொன்ன ஆட்டம் வந்துவிடும். பலரும் ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டி ஆட்டத்தை மறைக்கிறார்கள். அது பல்வலிக்குக் கன்னத்தில் தைலம் தடவுவது போன்றது. இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, ஆயில் சீலையும் எடுத்துவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மின் நுனியில் வில் தராசை மாட்டி மெதுவாக இழுங்கள். பழைய வில்லிஸ் ஜீப் பணிமனைக் கையேட்டின் கணக்கு 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை முதல் ஏழு கிலோ. என் ஜீப்பில் தராசு முள் ஒரு கிலோவைத் தாண்டவே இல்லை. இரண்டு பக்கமும் பேரிங் மாற்றி, ஷிம்மைக் குறைத்துக் கூட்டி அந்தக் கணக்குக்குக் கொண்டுவர எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. அதன்பிறகு ஆட்டம் இல்லை, டேம்பரும் இல்லை.

நீள ஷேக்கில் வேண்டவே வேண்டாம். இந்த ஜீப்பின் முன் ஸ்பிரிங்கில் ஷேக்கில் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் வண்டி உயரும்போது ஆக்சில் முன்பக்கமாகச் சாய்ந்து, காஸ்டர் கோணம் குறையும். வளைவிலிருந்து சக்கரத்தைத் தானாக நேருக்குத் திருப்புவது அந்தக் கோணம்தான். ஏற்கெனவே ஆடும் வண்டியில் அதையும் குறைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

டயரைப் பற்றி: 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. 31 அங்குல டயர் 787 மி.மீ. வித்தியாசம் ஏழு சதவீதத்துக்கும் மேல். நான்காவது கியர் போட்டு ஏறிய ஏற்றத்தில் மூன்றாவது கேட்கும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும். அதே டிரம் பிரேக் கூடுதல் விட்டமுள்ள சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். இன்ஜினைப் பற்றி எழுதியவரோடு ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். இரண்டரை லட்சத்தில் முதல் பணம் ஹெட்டுக்குப் போகக் கூடாது. பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ், கிங்பின், டை ராட் முனைகள் ஆகியவற்றை முடித்த பிறகு இன்ஜினைத் தொடுங்கள். பிரேக் ரப்பர்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், ஊதிப் போய்விடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

ஏலத்தோட்டம் (போடிநாயக்கனூர்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளில் செய்ததைச் சொல்கிறேன். பின் தளத் தகரத்தை வெட்டி எடுத்ததும் சேஸிஸ் வெளியே தெரிந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். பெரும்பாலான இடங்களில் மணி போலக் கணீர் என்றது. ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓசை மந்தமாக இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது, போல்ட் துளையிலிருந்து கீழ்நோக்கி இரண்டு விரற்கடை நீளத்துக்குத் தலைமுடி போன்ற விரிசல் தெரிகிறது. ஆட்டத்துக்கு இதுவும் காரணமாக இருக்குமோ?

அதைவிட வேறொன்று என்னைக் குழப்புகிறது. பென்சில் அச்சு எடுத்துப் பார்த்தேன். சேஸிஸில் 8 என்று இருக்கும் ஓர் இலக்கம் ஆர்.சி. புத்தகத்தில் 3 என்று எழுதப்பட்டிருக்கிறது. தந்தையார் இரண்டு முறை புதுப்பித்தபோதும் யார் கண்ணிலும் இது படவில்லை.

லேத்துப் பட்டறை (கோயம்புத்தூர்):

விரிசல் இருந்தால் ஸ்டீயரிங் பாக்ஸே அசையும். ஆட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஒருவரை உட்கார வைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பச் சொல்லி, பாக்ஸின் மேல் கை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். விரிசலின் கடைசி நுனியில் சிறு துளை போட்டால்தான் அது மேலும் ஓடாது. பிறகு விரிசல் நெடுகக் கிரைண்டரால் வாய்க்கால் எடுத்து வெல்டிங் செய்து, உள்பக்கம் ஒரு தகடு வைக்க வேண்டும். தகட்டின் முனைகள் சாய்வாக இருக்கட்டும். சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் கோடு விழக் கூடாது, அந்தக் கோட்டிலேயே அடுத்த விரிசல் பிறக்கும். இது பழகிய கைக்குரிய வேலை. உங்கள் ஊரில் லாரி சேஸிஸ் ஒட்டுபவரைத் தேடுங்கள், கேட் செய்பவரை அல்ல.

ஆர்.சி. முதலில் (மதுரை):

வெல்டிங்குக்கு முன் நில்லுங்கள். எண் பொறித்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டரோ பெயின்டோ படாதபடி டேப் ஒட்டி மூடி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். தந்தையார் வாங்கியபோது கொடுத்த விற்பனை ரசீதும் பழைய இன்சூரன்ஸ் தாள்களும் வீட்டில் எங்காவது இருக்கும். அவற்றில் 8 என்று இருந்தால், அலுவலகத்தில் எழுதியவரின் கைப்பிழை என்று காட்டித் திருத்தம் கேட்கலாம். வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா? அப்படியானால் வாரிசுப் பெயர் மாற்றத்தையும் இந்தத் திருத்தத்தையும் ஒன்றாகவே எடுத்துச் செல்லுங்கள். பீரோவின் அடித்தட்டில் தேடிவிட்டு எழுதுங்கள்.