50 மீட்டர்ல குரூப் (இலக்குல குண்டுகள் விழுற கூட்டம்) மேல-கீழ இழுக்குது, அவசரம்!

ப்ரோன்50: போன மாசம் வரைக்கும் நல்லா விழுந்த .22 ரைபிள், போல்ட் ஆக்‌ஷன். இப்ப செங்குத்தா விரியுது. ஞாயிறு மேட்ச். என்ன பண்ணலாம்?

காற்றுக்கொடி: எத்தனை மி.மீ.? எத்தனை ஷாட்? என்ன தோட்டா, லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறிச்சா? ரெஸ்ட்லயா (தாங்கி) ஸ்லிங்லயா (கைவார்) சுட்டீங்க? எதுவுமே சொல்லலையே.

பின்ஸ்பிரிங்: போல்ட்டுக்குள்ள (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுற தண்டு) எண்ணெய் இறுகியிருக்கும், சந்தேகமே வேண்டாம். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின் மெதுவா அடிச்சா ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு வேகத்துல போகும். எண்ணெயைத் துடைச்சு உலர்வா போடுங்க. சுட்ட தோட்டாவோட காலி கேஸ் விளிம்புல அடித்தடம் எல்லாத்துலயும் ஒரே ஆழமான்னு பாருங்க.

ப்ரோன்50: 10 ஷாட், உயரம் 28 மி.மீ., அகலம் 9. தோட்டா டெனக்ஸ் (மேட்சுக்கான ரகம்), அதே லாட். ரெஸ்ட்ல. புது மர ஸ்டாக் (பேரலைத் தாங்குற மர உடல்) நானே மாட்டினேன், அதனாலயா?

மூத்தகுறி: ஸ்டாக்கையே மாத்திட்டு அதைக் கடைசி வரியில சொல்றீங்க! ஸ்டாக் மாத்துறது பத்தி மேல ஒட்டி வெச்சிருக்கிற பதிவை யாரும் படிக்கிறதில்லை. 325 மீ/விநாடியில போற தோட்டா 50 மீட்டருக்குள்ள சுமார் 12 செ.மீ. விழும். வேகம் 10 மீ/வி மாறினா 7 மி.மீ. சொச்சம் தள்ளிப்போகும். 28 மி.மீ.க்கு 35 மீ/வி.க்கு மேல வித்தியாசம் வேணும். டெனக்ஸ் அப்படிப் போகாது. பெட்டிங், அதாவது ஆக்‌ஷன் (போல்ட் இருக்கிற இரும்புப் பகுதி) ஸ்டாக்ல உட்கார்ற விதத்தைப் பாருங்க.

பின்ஸ்பிரிங்: க்ரோனோ (வேகமானி) வெக்காமலே தீர்ப்பா? பின் பலவீனமா அடிச்சா எந்தத் தோட்டாவும் சிதறும்.

பிரஷ்வேண்டாம்: பேரலைச் சுத்தம் பண்ணீங்களா? பண்ணினா தோட்டா மேல இருக்கிற மெழுகு பேரல்ல மறுபடி படிய 10-20 ஷாட் ஆகும். அதுக்குள்ள குரூப் பார்க்கிறதே தப்பு.

மூத்தகுறி: சுத்தமே பண்ணாம, தோட்டா உட்கார்ற சேம்பருக்கு முன்னால கரி வளையம் கட்டிக்கிட்டு, பேரல் தேஞ்சு போச்சுன்னு புலம்புறவங்களும் இங்கதான் இருக்காங்க.

பிரஷ்வேண்டாம்: கரி வளையத்துக்கு அந்த இடத்தை மட்டும் தேய்ச்சா போதும். வாரம் ஒரு தரம் முழு பேரலையும் உரசி க்ரவுனைக் (பேரல் முனை விளிம்பு) கெடுக்கிறவங்களுக்குத்தான் சொன்னேன்.

காற்றுக்கொடி: அந்தச் சண்டையை வேற இழையில வெச்சுக்கோங்க. ப்ரோன்50, டயல் கேஜை (நுண்ணிய அசைவு காட்டுற முள் அளவி) ஸ்டாக் நுனியில பிடிச்சு, முனை பேரல்ல படுற மாதிரி வையுங்க. ஆக்‌ஷனை ஸ்டாக்ல பிடிக்கிற முன் திருகைத் தளர்த்தி இறுக்குங்க, அப்புறம் பின்பக்கத் திருகு. முள் 0.05 மி.மீ.க்கு மேல ஓடினா ஆக்‌ஷன் வளைஞ்சு உட்கார்ந்திருக்கு. பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல ரெண்டு தாள் தடையில்லாம ஓடணும். ரெஸ்ட்டை ஸ்டாக் நுனியில வெச்சா மரம் வளையும், கொஞ்சம் பின்னால தள்ளுங்க.

ப்ரோன்50: 0.18 ஓடுது. முன் திருகுலதான். இடைவெளியை நிரப்ப ஸ்டீல் எபாக்ஸி பசை வாங்கப் போறேன்.

காற்றுக்கொடி: இப்ப வேண்டாம்! ஞாயிறுக்குப் பழைய ஸ்டாக்கை மாட்டிச் சுட்டுப் பாருங்க. குரூப் சுருங்கினா புது ஸ்டாக்தான் காரணம்னு உறுதியாயிடும். எபாக்ஸியை மேட்சுக்கு அப்புறம் வெச்சுக்கலாம். ஒட்டாம இருக்க ஆக்‌ஷன் முழுக்க ரிலீஸ் ஏஜென்ட் ரெண்டு தடவை பூசணும், திருகு மரை, திருகுத் துளை எதையும் விடாதீங்க. விட்டா ரைபிளும் ஸ்டாக்கும் ஒண்ணாயிடும். பேரலுக்கு டேப் சுத்தி ஸ்டாக்கோட நடுவுல நிறுத்துங்க. திருகைக் கையால தொட்டு நிக்கிற அளவு மட்டும் போடுங்க. இறுக்கினா அந்த வளைவே எபாக்ஸியில பதிஞ்சிடும். 24 மணி நேரம் கைவைக்காதீங்க.

மூத்தகுறி: காய்ஞ்சதும் திருகுத் துளையை ஒரு சுத்து பெரிசாக்கணும், திருகு பக்கச்சுவரைத் தொடக்கூடாது. இதுவும் அந்தப் பதிவுல இருக்கு.

பின்ஸ்பிரிங்: போல்ட்டைத் துடைச்சீங்களா இல்லையா?