பழங்காசுகளைத் தெளிவாகப் படமெடுக்க விளக்கை எங்கே வைப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் சேகரிப்பைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறேன். இரண்டு காசுகள் மட்டும் பிடிகொடுக்க மறுக்கின்றன. முதலாவது, இராஜராஜ சோழனின் செப்புக் காசு. அமர்ந்த உருவத்தின் அருகே நாகரியில் உள்ள ‘ஸ்ரீராஜராஜ’ என்னும் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. படத்திலோ காசு முழுவதும் கறுத்த தகடாகவே விழுகிறது. இரண்டாவது, 1862 என ஆண்டு பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய். அதில் அரசியின் கன்னம் வெளுத்துப்போகிறது. பின்பக்கத்தில் ஆண்டுக்குக் கீழே உள்ள புள்ளியும் மறைந்துவிடுகிறது. என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1:
வேண்டியதில்லை, நண்பரே. நீங்கள் மாற்ற வேண்டியது விளக்கின் இடத்தைத்தான். தேய்ந்த செப்புக் காசில் எழுத்தின் மேடு மிகச் சிறியது என்பதால், அதன் நிழல் விழுந்தால்தான் எழுத்து புலப்படும்; மேலிருந்து கொட்டும் ஒளி அந்த நிழலையே அழித்துவிடுகிறது. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரேயொரு எல்.இ.டி. மேசை விளக்கைக் காசின் தலைப்பக்கத்தில் தாழ்வாக வைத்து, ஒளி மேற்பரப்பை உரசிச் செல்லும்படி சாயுங்கள். பிறகு விளக்கை இடமும் வலமுமாக மெல்ல நகர்த்திக்கொண்டே திரையைக் கவனித்தால், ஏதோ ஓரிடத்தில் ‘ரா’வின் கோடு திடீரென எழுந்து நிற்கும், அங்கேயே நிறுத்திப் படமெடுங்கள். ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும் வரக் கூடாது. வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று நம் கண் பழகியிருப்பதால், புடைத்த உருவம் குழிந்ததுபோல் தோன்றிவிடும்.

பதில் 2:
வெள்ளி ரூபாய்க்கு மேற்சொன்ன முறை பொருந்தாது. கடிகார முகத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் உரிய இடங்களில் இரண்டு விளக்குகளை உயரமாக வைத்து, கன்னம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் முன் ட்ரேசிங் பேப்பர் கட்டினால் வெண்திட்டு அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் தேயாத காசாக இருந்தால் அதன் இயல்பான மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன்.

புள்ளியை விட்டுவிடாதீர்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அடித்த ரூபாய்கள் அனைத்தும் 1862 என்ற ஒரே ஆண்டைத் தாங்கி வந்ததால், சேகரிப்பாளர்கள் அவற்றைப் பிரித்தறிவதே புள்ளிகளைக் கொண்டும் உருவ அமைப்பின் சிறு வேறுபாடுகளைக் கொண்டும்தான். முழுக் காசுக்கு ஒரு படமும், ஆண்டுப் பகுதிக்குத் தாழ்ந்த ஒளியில் தனியாக ஒரு படமும் எடுத்து வைப்பது நல்லது.

கைபேசியைக் காசுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழல் விழும், வட்டமும் கோணும். ஓர் அடி உயரத்தில் ஸ்டாண்டில் பொருத்தி, இருமடங்கு ஜூமில், டைமர் வைத்து எடுங்கள். காசு வைக்கும் இடத்தில் முதலில் சிறு முகக்கண்ணாடி ஒன்றை வைத்துப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் கைபேசி சாயாமல் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தாழ்ந்த ஒளியில் எழுத்து தெளிவாக வந்துவிட்டது. ஆனால் செம்பின் நிறம் மஞ்சளாக விழுகிறது. புளி போட்டுத் துலக்கிவிட்டு எடுத்தால் நிறம் சரியாகுமா?

பதில் 3:
தயவுசெய்து துலக்காதீர்கள். புளியின் அமிலம் காலம் படியவைத்த மேற்பூச்சை அரித்துவிடும். அதன்பின் அதை மீட்க வழியில்லை, காசின் மதிப்பும் குறைந்துவிடும். மஞ்சள் நிறம் விளக்கிலிருந்து வருவது. சாம்பல் நிற அட்டை ஒன்றை அதே ஒளியில் வைத்து கைபேசியின் ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் அமைப்பு) சரிசெய்து, அந்த அளவை மாற்றாமல் காசின் இரு பக்கங்களையும் எடுங்கள். பகல் ஒளியும் விளக்கொளியும் ஒன்றாகக் கலந்தால் எந்தத் திருத்தமும் பலிக்காது, ஆகவே சன்னலை மூடிவிடுங்கள். எடுக்கும்போது காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.